மார்புப் பட்டியும் கைப் பட்டியும்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, புலவர் ஒருவரைப் பற்றியோ காப்பியம் ஒன்றின் நயத்தைப் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழ் படிப்பிப்போனிடம் வேறு எதனை எதிர்பார்ப்பது! ஆயினும் ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள் அதுவன்று. உடற்பயிற்சியின்போது இருதயத் துடிப்பை அளக்கும் இருவகைக் கருவிகளைப் பற்றியே சில சொல்ல விழைகின்றோம். யாம் வைத்தியர் அல்லோம். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்தில் உடல்நலவியலையும் ஒரு பாடமாகப் படித்ததும், பின்னர் அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்ததுமே எமது முதல். தவறு காணின் நமது கல்லூரி ஈன்ற வைத்தியர்கள் பொறுத்துத் திருத்துவாராக.

இப்பொருளை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் இரண்டுண்டு. விழா ஆண்டின் நினைவாக விளையாட்டு மாணவர்க்கு இருதயத் துடிப்பு அளக்கும் கருவிகளை வாங்கிக் கொடுப்பதெனச் சங்கம் தீர்மானித்துள்ளது. எவ்வகைக் கருவியை வாங்குவது என்பதிலே செயற்குழுவார் இரு பிரிவாயினர். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டியே வேண்டுமென்பர் ஒரு சாரார். கையிற் கட்டும் ஒளிப் பட்டியே வசதியானது என்பர் மறு சாரார். இது முதற் காரணம். மற்றையது, சென்ற ஆண்டு சீகிரியாவிலே எம் கண்முன் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. அதனை முதலிற் கூறுதும்.

சீகிரியாவில் நிகழ்ந்தது

உயர்வகுப்பு மாணவர் முப்பதின்மரை அழைத்துக்கொண்டு கல்விச் சுற்றுலாவாக மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாவுக்குச் சென்றோம். விளையாட்டுப் பொறுப்பாசிரியரும் உடன் வந்தார். தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பழைய மாணவர் ஒருவர், சங்கத்தின் ஊக்கமிக்க உறுப்பினர், தம்புள்ளையில் எம்மோடு சேர்ந்துகொண்டார். அவரை இக்கட்டுரையில் 'அன்பர்' என்றே குறிப்பிடுவோம்.

சீகிரியாவின் வரலாற்றை நம் மாணவர் அறிவர். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட முதலாம் காசியப்பன் அக்குன்றின்மேல் அரண்மனை அமைத்தான். சுற்றியுள்ள நிலத்தினின்றும் அது ஏறக்குறைய 180 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. நீர்ப்பூங்காக்களைக் கடந்து, பாறைகளின் இடையே நுழைந்து, சுருட்படியேறி ஓவியங்களைக் கண்டு, கண்ணாடிச் சுவரோரமாய் நடந்து, சிங்கத்தின் பாதங்கள் அமைந்த முற்றத்தை அடைந்து, அங்கிருந்து இரும்புப் படிகளால் உச்சியை எய்தல் வேண்டும். படிகள் ஏறத்தாழ 1,200 என்பர். 1982 ஆம் ஆண்டு இதனை உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ சேர்த்தது. இளைஞர்க்கு இஃது ஒரு விளையாட்டு. ஐம்பதைக் கடந்தோர்க்கோ நல்லதொரு சோதனை.

பொறுப்பாசிரியர் கருவிகளை ஒப்புநோக்கும் எண்ணத்தோடு மார்பிலே ஒரு பட்டியையும், முழங்கைக்கு மேலே ஓர் ஒளிப் பட்டியையும் ஒருங்கே அணிந்திருந்தார். அன்பரிடம் ஒளிப் பட்டி மாத்திரம் இருந்தது. சில மாதங்களுக்கு முன்னர் அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது அது. அதனோடு இணைந்த கைத்தொலைபேசி, துடிப்பின் எண்ணிக்கையோடு வேறோர் எண்ணையும் காட்டியது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைப்பட்ட காலம் எத்துணை வேறுபடுகின்றது என்பதைக் குறிக்கும் எண் அது. அவ்வேறுபாடு மிகுமாயின் இருதயம் நலமுடையது என்று அன்பர் எங்கோ வாசித்திருந்தார். காலையிற் படுக்கையிலிருந்து எழுமுன் அதனைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று.

சிங்க முற்றத்தை அடைந்தபோது அன்பரின் முகம் வெளிறியிருந்தது. வியர்வை பெருகிற்று. இடத் தோளைப் பிசைந்துகொண்டிருந்தார். "அண்ணை, இவ்வளவில் இருப்போம்" என்றோம். அவரோ நகைத்துக் கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினார்.

"மாஸ்ரர், இதைப் பாருங்கள். கீழே இருந்ததிலும் இப்போது வேறுபாடு கூடியிருக்கிறது. ஏற ஏற நெஞ்சு நன்றாகிறதென்று இதுவே சொல்லுகிறது. உச்சிக்கும் போய்விடலாம்."

யாம் விடை அறியாது நின்றோம். அப்பொழுது பொறுப்பாசிரியர் தம் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். அவர் அணிந்திருந்த இரு கருவிகளும் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதில் ஒன்றையே கூறின. துடிப்பிடை வேறுபாட்டிலோ மார்புப் பட்டி ஒற்றை இலக்கத்தைக் காட்ட, கைப் பட்டி அதன் பன்மடங்கைக் காட்டியது. ஒரே மனிதரின் ஒரே நெஞ்சுக்கு ஒரே கணத்தில் இரண்டு விடைகள்! இரண்டும் மெய்யாதல் இயலாது. "அண்ணை, உங்கள் கைப் பட்டி சொல்லுவதை நான் நம்பமாட்டேன்" என்றார் அவர். அன்பர் முகஞ் சுளித்தாராயினும் அமர்ந்தார். உச்சியேறாது எம்முடன் இறங்கினார்.

பின்னர் நிகழ்ந்ததைக் கட்டுரை முடிவிற் கூறுவோம். அவ்வெண் ஏன் பொய்த்தது என்பதே முதலில் அறியற்பாலது.

எழுத்தும் மாத்திரையும்

நாடி பார்த்தல் நம்மவர்க்குப் புதிதன்று. சித்த வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம் பித்தம் சிலேத்துமம் என்பவற்றின் நடையைத் தேர்வர். நாடி எத்தனை முறை துடித்தது என்பதினும் அது எவ்வாறு நடந்தது என்பதே அவர் நோக்கு. மேனாட்டிலே நாடியைக் காலக் கருவியால் அளக்கும் முயற்சி 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாதுவா நகரத்துச் சந்தோரியோ என்பார் ஊசலொன்றை நாடியோடு ஒத்து ஆடச் செய்ததிலிருந்து வளர்ந்தது. ஆங்கில வைத்தியரான யோன் புளோயர் 1707 இல், ஒரு நிமிடம் ஓடி நிற்கும் மணிக்கூட்டைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை நூலாக்கினார்.

நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால், ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவு இடைவிட்டு வருகின்றது என்று நாம் எண்ணுகின்றோம். அது தவறு. உடல்நலம் உடையவரின் நெஞ்சு மணிக்கூடு போல் அடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரையும். வெளிவிடும்போது சற்றுத் தாழும். 1733 இல் தீவன் ஏல்ஸ் என்பார் குதிரையிடத்தே மூச்சோடு நாடி மாறுதலைக் கண்டு எழுதினார். 1847 இல் செருமனிய அறிஞர் கார்ல் லுட்விக் தாமமைத்த சுழலுருளைக் கருவியால் அதனைப் பதிவுசெய்தார். இவ்வாறு துடிப்புகளின் இடைக்காலம் நீள்வதும் குறுகுவதுமே துடிப்பிடை வேறுபாடு. மேனாட்டார் இதனை எச்.ஆர்.வி. எனச் சுருக்கி வழங்குவர்.

தமிழ் மாணவர்க்கு ஓர் உவமை கூறின் இது எளிதில் விளங்கும். கண்ணிமைக்கும் பொழுது அல்லது கைந்நொடிக்கும் பொழுது ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியர் வகுத்தார். குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. செய்யுளடியொன்றில் எத்தனை எழுத்துண்டு என எண்ணுதல் ஒரு வேலை. ஒவ்வோர் எழுத்தும் எத்துணைப் பொழுது ஒலித்தது என அளத்தல் வேறொரு வேலை. எழுத்தெண்ணிக்கையிற் பிழையாதவன் குறிலை நெடிலாகவும் நெடிலைக் குறிலாகவும் குறித்தல் கூடும். அவன் தந்த தொகை சரி. ஓசையோ முற்றும் பிழை. துடிப்பின் எண்ணிக்கை எழுத்தெண்ணுதல் போன்றது; துடிப்பிடை வேறுபாடு மாத்திரை அளத்தல் போன்றது. முன்னதிலே தேர்ந்த கருவி பின்னதிலும் தேர்ந்தது என்று கொள்ளுதல் கூடாது.

வேறுபாடு எதனால் உண்டாகின்றது?

இருதயத்தின் வலச் சோணையறையில் உள்ள சிறு கணு ஒன்று துடிப்பைத் தொடக்கி வைக்கின்றது. அக்கணுவை இரு நரம்புத் தொகுதிகள் ஆள்கின்றன. பரிவு நரம்புகள் அதனை விரைவுபடுத்தும். பரபரிவு நரம்புகள் அதனைத் தாழ்த்தும். வண்டிக்குச் சவுக்கும் கடிவாளமும் போல இவை. ஓய்வின்போது கடிவாளமே மேலோங்கி நிற்கும். அது ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே இறுக்கியும் தளர்த்தியும் பிடிக்கப்படுதலால் இடைக்காலம் மாறிக்கொண்டேயிருக்கும். இதனாலன்றோ ஓய்விற் காணும் வேறுபாட்டை உடல் தேறிய நிலைக்கு அறிகுறியாக விளையாட்டுப் பயிற்சியாளர் கொள்கின்றனர். மாரடைப்பிலிருந்து பிழைத்தோருள் இவ்வேறுபாடு மிகக் குறைந்தோர்க்கு இறப்பபாயம் மிகுதி என்பதனை 1987 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 1996 இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இருதய அறிஞர் சங்கங்கள் ஒன்றுகூடி இதனை அளத்தற்குரிய நெறிமுறைகளை வகுத்தன.

உழைப்பின்போது நிகழ்வது வேறு. படியேறத் தொடங்கியவுடன் கடிவாளம் தளர்கின்றது. மேலும் ஏறச் சவுக்கு வீழ்கின்றது. துடிப்பு விரைய விரைய வேறுபாடு சுருங்கும். கடுமையான உழைப்பிலே அது மிகச் சிறிதாகிவிடும். நலமுடைய இளைஞர்க்கும் இதுவே இயற்கை. எனவே, படியேறும்போது ஒருவரது வேறுபாடு கூடிக்கொண்டு போகின்றதென்று கருவி கூறுமாயின், நெஞ்சைப் புகழுமுன் கருவியையே ஐயுறல் வேண்டும். அன்பர் அறியாதது இதுதான். ஓய்வுக்கு உரிய விதியை உழைப்புக்கும் உரியதாக அவர் கொண்டுவிட்டார்.

ஒரு கணக்கு

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். எண்கள் விளக்கத்துக்காக யாம் அமைத்தவை. காலத்தை ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மில்லிசெக்கனிற் கூறுவோம்.

அமர்ந்திருக்கும் ஒருவரின் துடிப்பிடைக் காலங்கள் 800, 840, 790, 830 என்க. அடுத்தடுத்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்கள் 40, 50, 40. இவற்றை வர்க்கித்தால் 1,600, 2,500, 1,600. இவற்றின் சராசரி 1,900. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 44. அறிஞர் பெரிதும் எடுத்தாளும் வேறுபாட்டு அளவை இம்முறையாற் பெறுவதேயாம்.

இனி அவர் படியேறுகின்றார். இடைக்காலங்கள் 400, 403, 399, 402 என்க. துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 150. வித்தியாசங்கள் 3, 4, 3. அம்முறையே கணித்தால் வேறுபாடு ஏறத்தாழ 3.4.

இவ்விடைக்காலங்களையே ஒரு கருவி சிறிது தடுமாறி 408, 391, 407, 398 எனக் குறித்தது என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் பிழை பெரிதன்று. ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்களவே, அன்றி அதனிற் சிறிதே கூடியது. நான்கையும் கூட்டிப் பார்மின். முன்னதும் 1,604, பின்னதும் 1,604. ஆகவே துடிப்பின் எண்ணிக்கையில் அணுவளவும் மாற்றமில்லை. ஆயின் வித்தியாசங்கள் 17, 16, 9 ஆகிவிட்டன. வேறுபாடு ஏறத்தாழ 14.4. உண்மையின் நான்கு மடங்கிலும் மிகுதி!

ஓய்விலே 44 என்னும் அளவுக்கு இச்சிறு பிழை பெருந்தீங்கு செய்யாது. உழைப்பிலே உண்மை அளவு மிகச் சிறிதாதலின் பிழையே அளவாகிவிடுகின்றது. இதனினும் கொடிய உண்மை ஒன்றுண்டு. தடுமாறும் கருவி வேறுபாட்டைக் கூட்டியே காட்டும். மிக்க வேறுபாடு நலம் என்று நம்புவோர்க்கு அப்பிழை நற்செய்தியாகத் தோன்றும். பிழையானது ஆரோக்கியத்தின் முகமூடியை அணிந்துகொண்டு வருகின்றது.

மார்புப் பட்டி தொழிற்படுமாறு

ஒவ்வொரு துடிப்பின்போதும் இருதயத் தசையில் மின்னலையொன்று பரவுகின்றது. ஒகத்தசு வாலர் என்பார் 1887 இல் மனித உடலின் புறத்தே இதனைப் பதிவுசெய்து காட்டினார். ஒல்லாந்து நாட்டு வில்லெம் ஐந்தோவன் நுண்ணிய இழைக் கல்வனோமானியால் அதனைத் தெளிவுற வரைந்து 1924 இல் நோபல் பரிசு பெற்றார். அவர் வரைந்த கோட்டிலே இதயவறை சுருங்குங்கால் ஊசிமுனை போல எழும் சிகரம் ஒன்றுண்டு. அச்சிகரம் கூரியது, ஆதலின் அது தோன்றிய கணத்தைத் துல்லியமாகக் குறிக்கலாம்.

நடமாடும் மனிதரின் இருதய மின்னலையைப் பதிவுசெய்ய முற்பட்ட அமெரிக்க அறிஞர் நோர்மன் ஒல்ரர் 1940களின் பிற்பகுதியிலே கருவியைப் பெரும் பொதியாக முதுகிற் சுமந்தார். அப்பொதியுடன் சீகிரியாவில் ஏறுவார் யார்? பின்னர் 1977 இல் பின்லாந்தில் நிறுவப்பட்ட போலார் நிறுவனம், 1980களின் தொடக்கத்தில், மார்பிற் கட்டிய பட்டியிலிருந்து கைமணிக்கூட்டுக்குக் கம்பியின்றிச் செய்தி அனுப்பும் கருவியை விளையாட்டு வீரர்க்கு அளித்தது. இன்றைய மார்புப் பட்டி அதன் வழித்தோன்றல். பட்டியின் உட்புறத்தே இரு மின்வாய்கள் தோலைத் தொட்டு நிற்கும். நல்லனவற்றில் இரு சிகரங்களின் இடைக்காலம் ஒரு மில்லிசெக்கன் நுட்பத்தோடு குறிக்கப்படும்.

கைப் பட்டி தொழிற்படுமாறு

கைப் பட்டி மின்னலையை அறியாது. அது பச்சை ஒளியைத் தோலினுள்ளே செலுத்தித் திரும்பி வருவதை அளக்கின்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். இருதயம் சுருங்கிக் குருதியலை கையை அடையும்போது அங்கு குருதி சற்று மிகும். திரும்பும் ஒளி சற்றுக் குறையும். அக்குறைவு ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு. 1930களில் அல்றிக் ஏட்சுமன் என்னும் அமெரிக்கர் இம்முறையை ஆராய்ந்து பெயரும் இட்டார். மணிக்கட்டிலும் முன்கை, மேற்கையில் தசையிருத்தலால் பட்டி நன்கு படிந்து நிற்கும். எலும்பின் அசைவும் நரம்புக்கயிற்றின் அசைவும் குறையும். ஆகவேதான் கைமணிக்கூட்டு வகையினும் கைப் பட்டி துடிப்பை எண்ணுதலிற் சிறந்ததாகக் கருதப்படுகின்றது.

எனினும் துடிப்பிடைக் காலத்தை அளத்தலிலே அதற்கு இடையூறு நான்குண்டு.

முதலாவது, குருதியலை மின்னலையைப் போலக் கூரியதன்று. அது குன்றின் சரிவுபோல மெல்ல எழுந்து வளைந்து தாழும். ஊசிமுனையின் உச்சியைச் சுட்டுதல் எளிது; உருண்டை மேட்டின் உச்சி இதுவென்று மயிரிழை பிசகாது சுட்டுதல் அரிது.

இரண்டாவது, காலத்தாழ்வு. மின்னலை எழுந்தபின் தசை சுருங்கி, வால்வு திறந்து, அலை கையை வந்தடைய ஏறத்தாழ ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு செல்லும். தபாற்காரர் எல்லாக் கடிதங்களையும் இரண்டு நாட் பிந்தியே கொணர்வாராயின், கடிதங்கள் எழுதப்பட்ட இடைவெளியை வந்து சேர்ந்த இடைவெளியால் அறியலாம். ஒருநாள் பிந்தி ஒன்றும் மூன்றுநாள் பிந்தி ஒன்றும் வந்தால் அவ்வாறு அறிதல் இயலாது. மூச்சு, குருதியமுக்கம், கையைத் தூக்குதல் தாழ்த்துதல் ஆகியவற்றால் இத்தாழ்வு துடிப்புக்குத் துடிப்பு மாறும். எனவே கையில் அளப்பது நாடியின் வேறுபாடு; மார்பில் அளப்பது நெஞ்சின் வேறுபாடு. ஓய்விலே இரண்டும் நெருங்கியிருக்கும், உழைப்பிலே பிரிந்துவிடும்.

மூன்றாவது, அசைவு. கை வீசும்போதும், படிக்கம்பியை இறுகப் பற்றும்போதும் தசை விம்மித் தோலின் கீழுள்ள குருதி இடம் பெயரும். பட்டி சற்றே தளர்ந்தால் வெயிலும் உட்புகும். சில வேளைகளில் கருவி நாடியை விட்டுக் காலடியை எண்ணத் தொடங்கும். இக்குழப்பத்தை நீக்கக் கருவியினுள்ளே கணிப்புமுறைகள் அமைந்துள்ளன. அவை பல துடிப்புகளைச் சேர்த்துச் சமனாக்கி எண்ணிக்கையைச் செப்பம் செய்யும். அவ்வாறு சமனாக்கும்போது ஒவ்வொரு துடிப்பின் தனித்த காலமும் மறைந்துபோதல் கூடும். எண்ணிக்கைக்கு மருந்தாவது மாத்திரைக்கு நஞ்சாகின்றது.

நான்காவது, தோல். தோலின் கருநிறப்பொருள் பச்சை ஒளியை உறிஞ்சுமாதலின் நம்மனையோர் கையிலிருந்து திரும்பும் ஒளி குறைதல் இயல்பு. குளிரில் தோலுக்குச் செல்லும் குருதி குறைவதும் இத்தகையதே. ஒளி குறையக் குறையக் குழப்பத்தின் பங்கு மிகும்.

சீகிரியாவில் இவை பலவும் ஒருங்கு கூடின. கம்பியைப் பற்றிய கை, ஏறி இறங்கும் அடி, நடுப்பகல் வெயில், விரைந்த மூச்சு. கண்ணாடிச் சுவரை முற்காலத்தில் உருவம் தோன்றும்படி மெருகிட்டிருந்தனர் என்பர். மார்புப் பட்டி ஆளை நேரே காண்கின்றது. கைப் பட்டி அவரது நிழலைச் சுவரிற் காண்கின்றது. சுவர் அசையாதிருந்தால் நிழலும் மெய்யுரைக்கும்.

மார்புப் பட்டிக்கும் குறையுண்டு

நடுவுநிலை பிறழாது மறுபுறத்தையும் கூறல் வேண்டும். உலர்ந்த தோலில் மின்வாய் நன்கு பற்றாது. ஆகவே கட்டுமுன் அதனை நீரால் நனைத்தல் வேண்டும். வியர்வை அரும்பும்வரை முதற் சில நிமிடங்களின் அளவை ஐயத்துக்குரியது. செயற்கையிழைச் சட்டை உரசி எழும் மின்னும், மார்புத் தசையின் மின்னும் இடைபுகும். பட்டி நழுவினாலோ ஒரு துடிப்பு தவறி, 400 மில்லிசெக்கன் இடைக்காலம் 800 எனப் பதிவாகும். இத்தகைய ஒரு தவறே முழுக் கணக்கையும் கெடுக்கும். அதனைக் கண்டு நீக்கிய பின்னரே வேறுபாட்டைக் கணித்தல் முறை. நெடுநேரம் அணிந்தால் மார்பைச் சுற்றித் தோல் உராய்வதும் உண்டு. வசதி கருதி மாணவர் அதனை அணியாது விடுவாராயின் அதன் நுட்பத்தால் யாது பயன்?

அன்றியும் இரு கருவிகளும் வைத்தியர்க்கு ஈடல்ல. மார்புப் பட்டியும் துடிப்பின் காலத்தையே கூறும். இருதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒடுங்கியுள்ளதா என்பதை அது அறியாது. வைத்தியசாலையிற் பல மின்வாய்களைப் பொருத்தி எடுக்கும் மின்வரைபு வேறு. விளையாட்டு வீரர் அணியும் பட்டி வேறு.

செயற்குழுவார்க்கு எம் விண்ணப்பம்

மேற்கூறியவற்றால் இரு சாராரும் ஒருவகையில் மெய்யே கூறினர் என்பது விளங்கும். அவர்கள் வேறுவேறு வினாக்களுக்கு விடை கூறினர். ஓட்டத்திலும் நடையிலும் துடிப்பு நிமிடத்துக்கு எத்தனை என அறிய நல்ல கைப் பட்டி பெரும்பாலும் போதும். காலையில் அசையாது அமர்ந்து துடிப்பிடை வேறுபாட்டைப் பார்க்கவும் நலமுடையோர்க்கு அது உதவும். உழைப்பின் நடுவே துடிப்பிடை வேறுபாட்டை அறிய வேண்டின் மார்புப் பட்டியே வேண்டும்.

ஆகவே மாணவர் பலர்க்கும் கைப் பட்டிகளும், பயிற்சியை நுணுகி ஆராயப் பொறுப்பாசிரியர் வசம் சில மார்புப் பட்டிகளும் வாங்குதல் தகும் என்பது எமது கருத்து. கருவியைக் கொடுக்கும் நாளிலேயே மாணவர்க்கு மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணவும் பழக்குதல் வேண்டும். 15 செக்கனில் எண்ணி நான்காற் பெருக்குக. கருவியின் தொகை அதனோடு ஒவ்வாதாயின், முதலிற் பட்டியைச் சரிசெய்க. இதற்குக் காசு வேண்டா.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதியை விளையாட்டறையின் சுவரில் எழுதி வைக்கலாம். நெஞ்சு நோதல், தோளும் தாடையும் நோதல், தலை சுற்றல், வழமைக்கு மாறாக மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே நிற்க, ஆசிரியரிடம் சொல்க, கருவி என்ன கூறினும் அதனைக் கேளற்க.

முடிவுரை

அன்பர் அன்று சிங்க முற்றத்திலிருந்து இறங்கும்போது எம்மோடு அதிகம் பேசவில்லை. உச்சியைக் காணாது திரும்பியமை அவருக்கு மனக்குறையே. கீழே வந்ததும் தோள் நோவு தணிந்தது. அத்துடன் விடாது, பொறுப்பாசிரியர் மறுநாளே அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். பரிசோதனைகள் சில நடந்தன. இருதயத்துக் குருதிக்குழாய் ஒன்றில் ஒடுக்கம் இருந்தது. உரிய சிகிச்சை செய்யப்பட்டது. அன்பர் இன்று நலமாயிருக்கின்றார். இக்கட்டுரையை எழுதலாமா என்று கேட்டபோது, "என் பெயரை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதுங்கள், மாஸ்ரர்" என்றார்.

அவரது கைப் பட்டி கெட்டதன்று. இன்றும் அதனை அணிந்தே மாலையில் நடக்கின்றார். துடிப்பின் எண்ணிக்கையை அது செம்மையாகவே கூறுகின்றது. அது அறியாத ஒன்றை நாம் அதனிடம் கேட்டோம். அதுவும் அறியேன் என்னாது ஓர் எண்ணைத் தந்தது. வினவியதற்கெல்லாம் விடை கூறுவோன் எல்லாம் அறிந்தவன் அல்லன் என்பதை வகுப்பறையிலே பலகாற் கண்ட யாம், சீகிரியாவிலும் கண்டோம்.

வருகின்ற ஆண்டும் மாணவரை அழைத்துக்கொண்டு அக்குன்றுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். வைத்தியரின் இசைவு கிடைத்தால் அன்பரும் வருவார். கிடையாவிடில் நீர்ப்பூங்காவின் மரநிழலில் இருந்து எமக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கின்றார்.